கலனுக்குள் எங்கள் கிணறு

இன்று கிளிநொச்சி பஸ்ஸில் எல்லோரும் பார்த்திருக்க, கொண்டக்டர் "மண்ணெண்ணெய், பஸ்ஸில ஏத்தேலாது" என்று சொன்ன கலனைத் தூக்கி மடமடவென்று குடித்துக் காட்டினேன். பாதி என் சேட்டில் ஊற்றுண்டு நெஞ்செல்லாம் நனைந்தது.

உள்ளே இருந்தது தண்ணீர்தான். புங்குடுதீவு வீட்டைப் பூட்டி, திறப்பை அயலில் கொடுத்துவிட்டு, இனி மகளோடு இருப்பதென்று நானும் மனுசியும் புறப்பட்டோம். கடைசியாக எங்கள் கிணற்றில் ஒரு கலன் அள்ளினேன். சுற்றிலும் எல்லாம் உவர். நல்ல தண்ணீருக்கு அயல் முழுக்க எங்கள் வளவுக்குத்தான் வரும்.

கொண்டக்டருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"கிளிநொச்சிக்கு ஏன் ஐயா தண்ணி காவிறியள்? முந்தி எங்கட பைப்பில காத்துத்தான் வந்தது, ஓம். இப்ப ஒரு இஞ்சினியர் அக்கா வந்திருக்கிறா, தீவுப் பக்கமாம். தானே குழிக்குள்ள இறங்கி நிண்டு வேலை செய்விக்கிறா. விடிய அஞ்சு மணிக்கே தண்ணி பாயுது!"

மனுசி என் விலாவில் இடித்தாள். "சொல்லுங்கோவன்."

"சும்மா இருமப்பா."

எப்படிச் சொல்வது? ஊருக்கே தண்ணீர் கொடுக்கிற மகளுக்கு அப்பன் ஒரு கலன் தண்ணீர் காவிப் போகிறான் என்றால், பஸ் இன்னொரு தரம் சிரிக்காதா? நீங்கள் என்றால் சொல்லியிருப்பீர்களா?

ஈரச் சேட்டோடு, இறங்கும் வரை வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன்:

"அது என்ர பிள்ளை, தம்பி. இந்தத் தண்ணி குடிச்சுத்தான் வளந்தவள்."