இழவுக்குப் போகிறவருக்கு என்ன விலை?

இரவு எட்டரைக்குக் கிளாம்பாக்கத்தில் தனியார் ஸ்லீப்பர் பஸ் ஏறினேன். சங்கரன்கோவிலில் நண்பர் வீட்டுக் கல்யாணம். ஒரு மாதம் முன்பே எடுத்த டிக்கெட், தொள்ளாயிரத்து ஐம்பது ரூபாய். எனக்குக் கீழ்ப் படுக்கை. மேல் படுக்கைக்கு வந்தவர் சுடலைமுத்து. தாம்பரத்தில் ஹார்டுவேர் கடையில் வேலை. அன்று மதியம் புளியங்குடியில் அவர் அம்மா இறந்துவிட்டார். தென்காசி வண்டி எதிலும் இடமில்லாமல் இதைப் பிடித்திருக்கிறார். மூவாயிரத்து நூறு ரூபாய். முதலில் பார்த்தபோது இரண்டாயிரத்து இருநூறாம். முதலாளியிடம் லீவு சொல்லிவிட்டு வருவதற்குள் ஏறிவிட்டதாம். அதே பஸ், அதே மெத்தை, அதே தண்ணீர் பாட்டில்.

காலை ஒன்பதரைக்கு எடுத்துவிடுவார்கள், அதற்குள் முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்றார்.

விடிந்தபின் சாத்தூர் தாண்டி ஒரு ஓட்டல் முன்னால் பஸ் நின்றது. டிரைவர் உள்ளே போய் இட்லிக்கு உட்கார்ந்துவிட்டார். சுடலைமுத்து போய்க் கெஞ்சினார்.

"அரை மணி நேரம் நிக்கும்ணே. ஒருத்தருக்காவ எடுக்க முடியாது. வண்டியில எல்லாரும் ஒண்ணுதான்."

"டிக்கெட்டுல மட்டும் ஏன்யா ஒண்ணா இல்ல?" என்று நான் கேட்டேன். டிரைவர் சட்னி கேட்டு இலையைத் தள்ளினார். அவசரத்துக்கென்று மூன்று மடங்கு வாங்கிக்கொண்ட வண்டிக்கு, அரை மணி நேர அவசரம்கூட இல்லை.

சங்கரன்கோவில் சேர எட்டே முக்கால். புளியங்குடி இன்னும் பதினாறு கிலோமீட்டர். கிளம்பிக்கொண்டிருந்த அரசுப் பேருந்தில் அவரை ஏற்றிவிட்டு, கண்டக்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். எலுமிச்சைச் சாக்கோடு ஏறியிருந்தவருக்குக் கிழித்த அதே டிக்கெட்டைத்தான் இவருக்கும் கிழித்தார். "எந்தத் தெரு அண்ணாச்சி? ஸ்டாண்டு வரைக்கும் போவாண்டாம், தெரு முக்குலயே நிப்பாட்டச் சொல்லுதேன்" என்றார்.

பத்து மணிக்குப் போன் வந்தது. "பாத்துட்டேன் அண்ணாச்சி. தூக்கப் போற நேரத்துக்குப் போய்ட்டேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மறுநாள் திரும்புவதற்கு அதே கம்பெனியின் புக்கிங் ஆபீசுக்குப் போனேன். நேற்றைய கதையைச் சொல்லி, சாவுக்குப் போகிறவரிடம் இப்படி வாங்கலாமா என்று கேட்டேன். அங்கிருந்தவர் கோபப்படவே இல்லை.

"கூட இருக்குன்னு அவுக போவாமலா இருப்பாக அண்ணாச்சி?" என்றவர், கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். "ஒங்களுக்கு எப்பம் போணும்? அவசரமா?"

"இல்லப்பா. எங்க வீட்ல இன்னிக்கு யாரும் சாகல."

அவர் விலை சொல்வதற்குள் வெளியே வந்து, அரசுப் பேருந்து நிற்கும் பக்கம் நடந்தேன்.