கார்த்திகேசன் கேட்ட சத்தம்

கெட்டும் பட்டணம் சேர் என்பார்கள். கார்த்திகேசன் பட்டணத்தில் கெட்டு ஊர் வந்து சேர்ந்தவன். பிறந்தது பசுவந்தனை. பாலிடெக்னிக் முடித்து, சென்னையில் ஒரு சர்வீஸ் சென்டரில் பதினோரு வருஷம் லேப்டாப் பிரித்து மாட்டினான். ஒருநாள் சென்டரையே மூடிவிட்டார்கள். திரும்பி வந்து, கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஒரு ஆள் உள்ளே வந்தால் இன்னொரு ஆள் வெளியே நிற்க வேண்டிய அளவில் ஒரு கடை போட்டான்.

கெட்டிக்காரன், அதில் சந்தேகமே இல்லை. ஹார்ட் டிஸ்க் பழுதாவதை மற்றவர்கள் சாஃப்ட்வேர் போட்டுக் கண்டுபிடிப்பார்கள். அவன் லேப்டாப் மேல் காதை வைத்தே சொல்லிவிடுவான். நல்ல டிஸ்க் சீராக இரையும். போகப்போகிற டிஸ்க் நடுநடுவே 'டிக்' என்று ஒரு சத்தம் போடும். அது கேட்டுவிட்டால், உள்ளே இருப்பதை உடனே வேறொன்றில் ஏற்றிவிட வேண்டும். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவை ஓட்டுவதும் அதன் ஆயுசைக் குறைக்கும். இதெல்லாம் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். வருகிறவர்களுக்கு எடுத்துச் சொல்லத்தான் பொறுமை கிடையாது. கரிசல் புழுதி அடைத்த ஃபேனைத் துடைத்துத் துடைத்து, ஒரே கேள்விக்கு ஊர்பூராவுக்கும் பதில் சொல்லி அலுத்துவிட்டான். அலுப்பு பொல்லாதது.

ஆடி மாசம் நாகலாபுரத்திலிருந்து பெத்தம்மாள் வந்தாள். மிளகாய் வெள்ளாமை செய்கிற சம்சாரி. ஒரே மகள் மாரிச்செல்வி காய்ச்சலில் கிடந்து நாலே நாளில் செத்து ஒன்றரை மாசம் ஆகியிருந்தது. மகளின் போன் ஆஸ்பத்திரி அலைச்சலில் தொலைந்துபோயிற்று. பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் கொடுத்த லேப்டாப்பில், இன்டர்வியூவுக்குப் பேசிப் பழகுவதற்காக அந்தப் பிள்ளை தன்னையே எடுத்துவைத்த வீடியோ ஒன்று இருந்தது. மகளின் குரல் என்று மிஞ்சியது அது மட்டும்தான்.

"மெதுவா வருது அண்ணாச்சி. நின்னு நின்னு பேசுதா."

கார்த்திகேசன் காதை வைத்தான். டிக். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் டிக். தெளிவாகவே கேட்டது. வீடியோவை ஒரு பென் டிரைவில் ஏற்றிக் கொடுக்கப் பத்து நிமிஷம் போதும். ஆனால் மணி இரண்டு, வயிறு காந்தியது. ஆரம்பித்தால் இந்த அம்மா ஆயிரம் கேள்வி கேட்பாள் என்று நினைத்தான். ஃபேனை ஊதித் துடைத்து, "தூசிதான்க்கா, கொண்டுபோங்க" என்று அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போனான்.

ஐப்பசியில், விதைப்பு வேலையைப் போட்டுவிட்டு, அவள் திரும்ப வந்தாள். துண்டில் சுற்றியிருந்த லேப்டாப்பை அவிழ்த்து மேஜைமேல் வைத்தாள்.

"இப்ப படமே வரமாட்டேங்குது அண்ணாச்சி."

இந்தத் தடவை காதை வைக்க வேண்டியிருக்கவில்லை. டிக், டிக் என்று தெருவுக்கே கேட்டது. டிஸ்க்கைக் கழற்றித் தன் கம்ப்யூட்டரில் மாட்டினான். தெரிந்தது, மறைந்தது. மூன்றாவது தடவை 'செல்வி இன்டர்வியூ' என்ற பெயர் மட்டும் திரையில் வந்து நின்றது. திறக்கவில்லை. சோதித்துப் பார்த்தால் திரை முழுக்கப் பழுதைக் காட்டும் சிவப்புக் கட்டங்கள். மதுரையில் இதற்கென்றே இருக்கிற ஒருவனுக்கு போன் போட்டுச் சத்தத்தைக் கேட்கவைத்தான். உள்ளே சுழல்கிற தட்டே கீறிவிட்டது, ஒன்றும் தேறாது என்று அவனும் கையை விரித்துவிட்டான்.

"அடிக்கடி போட்டியளோ?" என்று கேட்டான் கார்த்திகேசன்.

"துட்டி கேக்க வந்தவியளுக்கெல்லாம் போட்டுக் காட்டுனேன்."

சாவுக்கு வர முடியாத சொந்தபந்தமெல்லாம் மாசக்கணக்கில் துட்டி கேட்க வந்துகொண்டுதான் இருக்கும். வந்தவர்களை வெறும் வீட்டைக் காட்டி அனுப்ப அவளுக்கு மனசு வரவில்லை.

"ஒரு நாளைக்கு நாலு தடவ, அஞ்சு தடவகூடப் போட்டிருக்கேன். நல்லாப் பேசுவா அண்ணாச்சி. 'என் அம்மா பெயர் பெத்தம்மாள், விவசாயம் செய்கிறார்'னு எம்பேரயும் சொல்லுவா." பிறகு கேட்டாள்: "நான் போட்டுப் போட்டுத்தான் கெட்டுப்போச்சா?"

அன்றைக்கே எனக்குத் தெரியும், நான்தான் சொல்லவில்லை என்று அவன் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவளுக்குப் பின்னால் வாசலில் இரண்டு பேர் லேப்டாப்போடு நின்றார்கள். இந்த ஊரில் அவனுக்கு இருப்பதே காதை வைத்தால் சொல்லிவிடுவான் என்கிற அந்தப் பெயர் ஒன்றுதான்.

"ஆமாக்கா. இப்படி ஓயாமப் போட்டா எந்த டிஸ்க்குதான் தாங்கும்?"

முழுப்பொய் என்றும் சொல்ல முடியாது, அதுதான் கொடுமை.

அழுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் அழவில்லை.

"கடைசியா எங்க சித்தி வந்தா. கண்ணு தெரியாதவ. குரலயாவது கேக்கட்டுமேன்னு ரெண்டு தடவ போட்டேன். ஒண்ணோட நிப்பாட்டியிருக்கணும்," என்றாள். "அப்ப நாந்தான்."

லேப்டாப்பைத் துண்டில் சுற்றிக்கொண்டு ரோட்டைக் கடந்துபோனாள். எதிரே நின்ற பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் அதை மடியில் வைத்து உட்கார்ந்தது கடையிலிருந்தே தெரிந்தது. பஸ் கிளம்ப இன்னும் கால் மணி நேரம் இருந்தது. கார்த்திகேசன் கடையை விட்டு இறங்கவில்லை.