ஒரு தலைக்கு இரண்டு மொட்டை

கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் வாங்கியவன் நான். தலையில் ஊற்றிய தண்ணீர் உள்ளே இறங்கப் பல வருஷம் ஆனது. இத்தனைக்கும் தடுக்க ஒரு முடிகூடக் கிடையாது. முப்பது வயதிலேயே முழு வழுக்கை.

சக்குபள்ளத்தில் ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஓட்டுகிறேன். மகளுக்குப் பத்து மாதம் இருக்கும்போது நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்பு உள்ளே போய் வந்தது. மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளை பிழைச்சா முதல் மொட்டை வேளாங்கண்ணியில" என்று மாதாவுக்கு நேர்ந்தாள். நானும் ஆமென் சொன்னேன்.

சொல்லிவிட்டு, டீ வாங்கும் சாக்கில் வெளியே போய், கம்பத்திலிருக்கும் என் அக்காவுக்கு போன் போட்டேன். அக்கா பழனிக்குப் போகாத வருஷமில்லை. "முருகனுக்கும் பாப்பாவோட முதல் மொட்டைய நேந்துக்கிறேன்க்கா" என்றேன்.

பிள்ளை பிழைத்தாள். முதல் மொட்டை ஒன்றுதான் என்பது அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

வேளாங்கண்ணிக்குப் பை கட்டும்போது மெல்ல ஆரம்பித்தேன். "போற வழியில கொஞ்சம் சுத்திப் பழனியில இறங்கி, முன்பக்கம் மட்டும் அங்க எடுத்துட்டா..."

"பழனியா? எதுக்கு?"

சொன்னேன். "ஜீப்புல ஸ்டெப்னி வச்சுக்கிறதில்லையா, அது மாதிரிதான்."

சிரிப்பாள் என்று நினைத்தேன். மடித்த சட்டையைப் பையில் வைக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"அப்ப அன்னைக்குச் சொன்ன ஆமென்?"

"அதுவும் நெசந்தான்."

"உங்க அக்கா பழனிக்குப் போறாங்கன்னா நம்பிப் போறாங்க. அவங்கள நான் ஒண்ணும் சொல்லல. நான் மாதாவ நம்பிப் பிள்ளைய விட்டேன். நீங்க ரெண்டு எடத்துலயும் கேட்டீங்க, ஒரு எடத்தையும் நம்பல. நாளைக்கு இவ, என்னைக் காப்பாத்துனது யாருப்பான்னு கேப்பா. என்ன சொல்வீங்க? ஸ்டெப்னின்னா?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பக்கத்துக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுக்க நான் பார்த்தது பிள்ளையின் முடியை மட்டுமில்லை. மனைவி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்ன ஜெபத்தையும்தான்.

அக்காவைக் கூப்பிட்டேன். "அக்கா, பழனிக்கு நேந்தத என்னால முடிக்க முடியாதுக்கா."

"தெரியும்டா. முருகன்கிட்ட நான் பேசிக்கிறேன். எந்தம்பி கூறுகெட்ட பயன்னா அவருக்குப் புரியும். நீ அவகூடப் போ. போற எடத்துக்காவது முழுசாப் போ."

வேளாங்கண்ணியில் மகளின் தலையை மழித்துச் சந்தனம் தடவிய நாவிதர், என் தலையைப் பார்த்தார். "சார் ஏற்கெனவே முடிச்சுட்டு வந்தாச்சா? எந்தக் கோயில்ல?"

மனைவி வேகமாக என் பக்கம் திரும்பினாள்.

"சத்தியமா எங்கயும் இல்லீங்க. இது தானா போனது."

ஊரிலிருந்து கிளம்பிய பிறகு அப்போதுதான் அவள் சிரித்தாள். கோயிலுக்குள் நுழையுமுன் என் போனை அணைத்து, அவள் பையில் போட்டேன்.