பாலன் குடிலுக்கு வந்த இரண்டு சம்மனசுகள்

தங்கை புருஷன் ஆரோக்கியநாதன் மேல் பால்ராஜுக்கு இருந்த கோபம் நேற்று இன்று வந்ததல்ல. கல்யாணமான கையோடு அவனுக்குத் துறைமுகத்தில் மூட்டை எண்ணும் வேலை வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். கணக்கெழுதும் கிராணியின் காலில் விழாத குறை. அதை ஒரே மழைக்காலத்தில் உதறிவிட்டு, சாவுக்குக் காகிதச் சாமான் செய்கிற சீனன் கடையில் போய் உட்கார்ந்துகொண்டான் அந்த மனுஷன். செத்தவருக்கு மறுலோகத்தில் உதவட்டும் என்று சீனர்கள் எரிக்கிற வீடு, குதிரை, வேலைக்காரன் எல்லாம் அங்கே மூங்கிலும் காகிதமும்தான்.

"பொணத்துக்குப் பொம்ம செய்யவா மாப்ள ஒனக்குப் பொண்ணு குடுத்தோம்?"

"மூட்டைய எண்ணுனா மூட்டையாத்தான் இருக்கு மச்சான். தாள மடிச்சா எதுனாச்சும் ஒண்ணா ஆவுதுல்ல."

தங்கை அமலம்மாள் தாங்கள் குடியிருந்த டத்தோ கிராமாட்டில் அக்கம்பக்கத்தாரிடம், புருஷனுக்கு நாற்காலிக் கடையில் வேலை என்று சொல்லிவைத்திருந்தாள். பால்ராஜும் அதையே சொன்னார்.

கோயிலில் கிறிஸ்மஸுக்குப் பாலன் குடில் ஜோடிக்கிற வேலை தமிழருக்கு வந்ததே இல்லை. பெருக்கிவிட மட்டும் கூப்பிடுவார்கள். பால்ராஜ் வருஷா வருஷம் கேட்டு, கடைசியில் சாமியார் சரி என்றார். "யார் செய்வார்?" என்றதும் பால்ராஜ் எழுந்து, "எங்க மாப்ள செய்வாரு சாமி. தாள் பொம்ம செய்யிறதுதான் அவரு தொழிலு. நான் பொறுப்பு" என்றார். அத்தனை வருஷம் மறைத்த தொழிலைத் தன் வாயாலேயே சபையில் சொன்னார்.

பண்டிகைக்கு முந்திய நாள் மத்தியானம் இரண்டு சம்மனசுகள், தேவதூதர் பொம்மைகள், வந்து குடிலின் இரு பக்கமும் நின்றன. ஆளில் பாதி உயரம். இறக்கையில் ஒவ்வொரு இறகும் தனித்தனியாக மடித்த வெள்ளைத் தாள். வாசல் காற்றுக்கு அவை சிலுசிலுவென்று ஆட, நம்மவர்கள் வாயைப் பிளந்தார்கள். பால்ராஜ் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் அதே கோயில் பங்கைச் சேர்ந்த சீனப் பெண்கள் பூக்கொண்டு வந்தார்கள். முன்னால் வந்தவள் சட்டென்று நின்றாள்.

"இனி ஓராங் மாத்தி பூஞ்ஞா லா!"

செத்தவர் சாமான் என்கிறாள். துறைமுகத்து மலாய் தெரிந்த ஆட்கள், யாருக்கும் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. சவப்பெட்டியின் இரு பக்கமும் வைத்து எரிப்பார்களே, செத்தவரை வழிநடத்தும் பையனும் பெண்ணும், அதே முகம். வெள்ளை மூஞ்சி, கன்னத்தில் சிவப்பு வட்டம், குவிந்த வாய். இறக்கை மட்டும் புதுசு. ஒருத்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினாள். மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

நம்ம கூட்டத்திலிருந்தே ஒரு குரல் வந்தது: "பால்ராஜண்ணே, பொறக்குறதுக்கு முந்தியே பாலனுக்குக் கருமாதியா?"

சாமியார் சத்தம் போடவில்லை. "பூசைக்குள் சரி செய்யுங்கள். இல்லையென்றால் பழைய பொம்மைகளை வைத்துவிடுவோம். இனி இந்த வேலை பழைய ஆட்களிடமே இருக்கட்டும்."

பால்ராஜ் பொம்மைகளுக்குச் சாக்கைப் போர்த்திக் கைவண்டியில் ஏற்றி, தானே இழுத்துக்கொண்டு போனார். சாக்குக்கு வெளியே இறக்கை நீட்டிக்கொண்டிருந்தது. தெருவில் சீனர்கள் சாவுச் சாமான் என்று முகத்தைத் திருப்பி ஒதுங்கினார்கள். கூனிக் குறுகிக் கடையில் போய் நின்றதும் கத்தினார்.

"மானத்த வாங்கிட்டியே மாப்ள!"

ஆரோக்கியநாதன் பசைக் கையோடு எழுந்து வந்து சாக்கை விலக்கினான். இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தான்.

"சம்மனசுன்னு நெனச்சுத்தான் மச்சான் வரைஞ்சேன்." குரல் இறங்கிவிட்டது. "கை அங்கதான் போயிருக்கு. எனக்கே தெரியல."

பால்ராஜ் சாக்கை மடித்து வண்டியில் போட்டார். அவன் கழுத்தெல்லாம் வேர்த்திருந்தது.

"சிரிச்சாங்களா?"

"ம்."

ஆரோக்கியநாதன் முகங்களைக் கிழித்தெடுத்துப் புதுத்தாள் ஒட்டினான். தூரிகையைக் கொண்டுபோனான், நிறுத்தினான். மறுபடி கொண்டுபோனான், மறுபடி அந்த வட்டத்துக்கே போயிற்று. துடைத்தெறிந்துவிட்டு முக்காலியைப் பால்ராஜ் பக்கம் தள்ளினான்.

"உக்காருங்க மச்சான். ஒரு மொகத்தப் பாத்தாத்தான் கை கேக்கும்."

"எம் மொகமா? மூக்குல மூட்டக் கொக்கி கிழிச்ச வடு, வெத்தலப் பல்லு. சம்மனசா இது? இன்னும் சிரிக்கட்டும்னா?"

"வேற யாரு லா இருக்கா இங்க? பூசைக்கு நேரமாவுது."

தெருவில் போனவர்கள் நின்று எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். பால்ராஜுக்குக் காதுமடல் கொதித்தது. உட்கார்ந்தார்.

"பல்லக் கடிக்காதீங்க மச்சான்," என்றான் ஆரோக்கியநாதன். "கொஞ்சம் சிரிங்க."