கோடு கலையாத கிண்ணம்

ஞானப்பல் எடுத்த மறுநாள், நான் மசித்துக் கொண்டுபோன உருளைக்கிழங்கைப் பார்த்ததும் மாமா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அம்மாவின் தம்பி அவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை; எங்களோடுதான் இருக்கிறார். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சமையல்கூடத்தில் வேலை. மெல்ல முடியாத நோயாளிகளின் சாப்பாடு முழுக்க அவர் பொறுப்பு. அங்கே அவருக்கு 'மசியல்' என்று பெயர். அவருக்கோ கடிக்கிற தின்பண்டம் என்றால் உயிர். சட்டைப் பையில் எப்போதும் வறுத்த வேர்க்கடலை இருக்கும். அவர் வீட்டில் இருக்கிறார் என்பதே அந்த நறநறச் சத்தத்தில்தான் தெரியும். இப்போது வீடு ஆளில்லாத மாதிரி இருந்தது.

பல் டாக்டர் என்னிடம்தான் எல்லாவற்றையும் சொல்லி அனுப்பினார். மெத்தென்று இருக்க வேண்டும், சூடு கூடாது, ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக் கூடாது, முட்டை, தயிர், வாழைப்பழம் என்று சத்தாகச் சாப்பிட வேண்டும். மாமா தண்ணீரைத் தவிர எதையும் தொடவில்லை. வெறும் வயிற்றில் போட்ட மாத்திரை குமட்டியது. குளியலறைக்குப் போனவர் தலை சுற்றிக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாந்தி எடுத்தால் பல் எடுத்த குழியில் உறைந்த ரத்தம் பெயர்ந்துவிடும் என்பதுதான் என் பயம்.

"ஊருக்கெல்லாம் ஆக்கிப் போடுறான், தனக்குன்னா மட்டும் முறுக்கிக்கிறான். எப்படியாவது உள்ளே தள்ளு" என்று சொல்லிவிட்டு அம்மா வேலைக்குக் கிளம்பினாள்.

"ஒரு வாய் மாமா."

"வேணாம்." வீங்கின கன்னத்திலிருந்து வந்த அந்தக் குரல் அவருடையது போலவே இல்லை.

"ஏன்னாவது சொல்லுங்க."

"மேல பாரு."

பார்த்தேன். முள்கரண்டியால் மசித்து, அதாலேயே மேலே ஓர் இழுப்பு இழுத்திருந்தேன். நாலு கோடு விழுந்திருந்தது.

வாயை அதிகம் திறக்காமல், விட்டு விட்டுச் சொன்னார். வார்டில் ஆறு கட்டில். ஒருவருக்கு உப்பு ஆகாது, ஒருவருக்குப் பால் ஆகாது. மசித்துவிட்டால் எல்லாக் கிண்ணமும் ஒன்றுபோல் இருக்கும். மாறிப்போகாமலிருக்க, கட்டில் எண் எத்தனையோ அத்தனை கோடு கரண்டி விளிம்பால் மேலே போட்டு அனுப்புவார். சில நாள் ஏதாவது ஒரு கிண்ணம் கோடு கலையாமலே திரும்பி வரும். யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். அதை மட்டும் இவரே கழுவி வைப்பார்.

"லீவு போட்டுட்டு வந்தேனே, அன்னிக்குக் காலைல நாலாம் நம்பர் அப்படியே திரும்பி வந்துச்சு."

"வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க மாமா."

"வீட்டுக்குப் போறவங்க சாப்பிட்டுட்டுத்தான்மா போவாங்க."

நான் புள்ளியியல் படித்தவள். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். என்ன செய்வதென்று தெரியாதபோது படித்ததைப் பேசுவது என் வழக்கம். ஏற்கெனவே முடியாமல் போனவர்களுக்குத்தான் அந்தச் சாப்பாடு போகிறது, சாப்பாட்டால் யாரும் போவதில்லை, காரணமும் விளைவும் இடம் மாறித் தெரிகிறது என்றெல்லாம் விளக்கினேன்.

"எனக்கு அது தெரியாதாக்கும்," என்றார். "தெரிஞ்சும் தொண்டை மூடிக்குது."

கரண்டியை எடுத்துக் கோடுகளைத் தேய்த்து மட்டமாக்கிக் காட்டினேன்.

கிண்ணத்தை எட்டிப் பார்த்தார். "இப்ப அது யாருக்குன்னே தெரியலையே."

அப்போதுதான் அறையைக் கவனித்தேன். காற்று வரட்டும் என்று கட்டிலை ஜன்னலோரம் தள்ளிப் போட்டது நான். தலைமாட்டில் தண்ணீர், மாத்திரை. அவர் மார்பில் துண்டு. பக்கத்தில் ஒரு நாற்காலி, அதில் கிண்ணத்தோடு நான். அக்கறை என்று நினைத்து ஒரு வார்டைச் செய்து வைத்திருக்கிறேன்.

"இது எனக்கு," என்று ஒரு கரண்டி அள்ளி என் வாயில் போட்டேன். ஆறிப்போய், கட்டி கட்டியாக, பசை மாதிரி இருந்தது. முகம் கோணிவிட்டது போல.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கு."

"மூஞ்சி சொல்லுதே." மெல்ல எழுந்து உட்கார்ந்தார். "கிழங்கைச் சூடு ஆறவிட்டு மசிச்சியா? பால் ஊத்தலையா? பட்டம் கொடுத்தாங்களே உனக்கு."

சுவரைப் பிடித்துக்கொண்டே சமையலறைக்கு நடந்தார். நான் பின்னால் கை நீட்டியபடி போனேன். கிண்ணத்தைச் சட்டியில் கவிழ்த்துப் பால் விட்டார், முட்டையை உடைத்து ஊற்றினார், தீயைக் குறைத்து விடாமல் கிளறினார். இறக்கி வைத்து, சூடு போனதும், தட்டில் போடாமல் நின்ற நிலையிலேயே சட்டியிலிருந்து ஒரு வாய் எடுத்தார். தாடை அசையவில்லை. கண்ணை மூடி அப்படியே விழுங்கினார்.

"இப்படித்தான் இருக்குமா அவங்களுக்கு," என்றார். "வாயில எதுவுமே இல்லாத மாதிரி இருக்கு. ஆனா எறங்குது."

இன்னொரு வாய் எடுத்தார். இறங்குகிறதா என்று அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அப்படிப் பாக்காதம்மா," என்றார் திரும்பாமலே. "அங்க சொந்தக்காரங்க அப்படித்தான் நின்னு பாப்பாங்க."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பின்னால் கரண்டி சட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு முறை அது நின்றது. நான் திரும்பவில்லை. பிறகு மறுபடியும் கேட்டது.