பொட்டலம் வாங்கினவங்க

இன்னைக்கு எங்க காலேஜுக்கு ஒரு பெரிய ஆடிட் கம்பெனி ஆள் எடுக்க வந்துச்சு.

"நீங்க முன்ன நின்னு செஞ்ச ஒரு விஷயம் சொல்லுங்க"ன்னு கண்டிப்பா கேப்பாங்க. போன வருஷம் செலக்ட் ஆன சீனியர் அக்கா, தான் சொன்ன பதிலை அப்படியே டைப் பண்ணி கிளாஸ் குரூப்ல போட்டிருந்தாங்க. வெள்ளத்தப்போ முடிச்சூர்ல வீடு வீடா சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்த கதை. நானும் மனப்பாடம் பண்ணிட்டுப் போனேன்.

கேட்டாங்க. தடங்கல் இல்லாம சொன்னேன்.

இன்டர்வியூ எடுத்த சார் பேனாவைக் கீழ வெச்சாரு. கோபமெல்லாம் இல்ல.

"காலையிலேர்ந்து பொட்டலம் கொடுத்தவங்கள்ல நீங்க அஞ்சாவது ஆள்மா. வாங்கினவங்க யாராவது இந்த காலேஜ்ல இருக்காங்களா?"

எங்க வீடு முடிச்சூர்தான். மூணு நாள் மொட்டை மாடியில இருந்தோம். படகுல வந்தவங்க கொடுத்த ஒரு பொட்டலம் லெமன் சாதத்தை நானும் அம்மாவும் பாதி பாதி சாப்பிட்டோம்.

ஆனா அக்கா அனுப்புன பதில்ல அது இல்ல.

"தெரியல சார்"னு சொன்னேன்.

"ஓகே, தேங்க்யூ."

வெளிய அடுத்த ஆளா ரிஸ்வானா, போனைப் பாத்து முணுமுணுத்துக்கிட்டு நின்னா. "என்னடி கேட்டாங்க?"

"வெள்ளம்தான்."

"அப்பாடா"ன்னுட்டு உள்ள போனா.

இப்போ முடிச்சூர் பஸ்ல உக்காந்திருக்கேன். லிஸ்ட் வந்துடுச்சு, என் பேர் இல்ல. பெருசா ஒண்ணும் தோணல.

பொட்டலம் வாங்கினவங்க யாராவது இருந்தா கமெண்ட்ல சொல்லுங்க. அந்த சார் கேட்டாரு.