நான்கு பித்தளைக் குமிழ்களும் ஒரு பேருந்தும்

வேல்ஸ் நாட்டு லான்வேரியன் ஊரில் டெக்வென் பெப் என்ற பெண்மணி நாற்பது சுற்றுலாப் பயணிகளைப் பேருந்துக்குள் அடைத்து வைத்தாள் என்று ஒரு பேச்சு உலவுகிறது. தபால் நிலையத்தில் கேட்டால் நாற்பது பேர். மதுக்கடையில் கேட்டால் அறுபது பேர், அதில் ஒருவர் மயங்கி விழுந்தார். தேவாலய வாசலில் எண்ணிக்கை சற்றுக் குறையும், ஆனால் டெக்வென் கையில் தோசைத் திருப்பி மாதிரி ஓர் இரும்பு ஆயுதம் முளைத்துவிடும். விசாரித்துப் பார்த்த வரையில் அந்த ஆயுதம் மட்டும்தான் நிஜம்.

டெக்வென்னுக்கு அறுபத்து மூன்று வயது. வியாழன்தோறும் சந்தைச் சதுக்கத்தில், கோட்டை வாசலுக்கு நேர் எதிரே, உலர்திராட்சை போட்ட வெல்ஷ் கேக்கை இரும்புக் கல்லில் திருப்பிப் போட்டுச் சுட்டு விற்பவள். முப்பத்தொரு வருடமாக அந்த இடம் அவளுடையது. தரையில் பதித்த நான்கு பித்தளைக் குமிழ்கள்தான் எல்லை. கோட்டையைப் படம் எடுப்பவர்கள் அவளுடைய பச்சைத் தார்ப்பாயையும் சேர்த்துத்தான் எடுத்தாக வேண்டும்.

ஊரின் சுற்றுலா வளர்ச்சிக் குழுத் தலைவர் எம்ரிஸ் கஃப்புக்கு இது உறுத்தல். அவளோடு ஒரே வகுப்பில் படித்தவர், அதனால் உறுத்தல் இரட்டிப்பு. தார்ப்பாய் கோட்டையின் அழகைக் கெடுக்கிறது என்று கூட்டத்தில் சொன்னார்.

"இங்கிலீஷ்காரன் நம்மள மிரட்டறதுக்குன்னே கட்டின கோட்டை அது. ஒரு தார்ப்பாயைப் பார்த்து அதுக்கு அழகு போயிடுமா?" என்றாள் டெக்வென்.

எம்ரிஸ் அச்சகத்துக்குப் போனார். 'ஒரே நாளில் லான்வேரியன்' என்று வழவழப்பான கையேடு வந்தது. காலையில் கோட்டை, பிறகு மலை ரயில், மதியம் ஏரி, மாலையில் தேநீர். அட்டைப் படத்தில் தார்ப்பாய் இருந்த இடத்தில் ஒரு பெஞ்சு.

டெக்வென் நெடுநேரம் அதைப் பார்த்தாள். "பெஞ்சு நல்லாத்தான் இருக்கு எம்ரிஸ். என்னை எங்க புதைச்சே?"

புதைப்பதற்கு வழி சந்தை விதியிலேயே இருந்தது. காலை எட்டு மணிக்கு மணி அடிக்கும்போது கடைக்காரர் தன் இடத்தில் சரக்கோடு இருக்க வேண்டும், மதிய மணி வரை நகரவும் கூடாது. தொடர்ந்து மூன்று வியாழன் தவறினால் இடம் ஊருக்கு. அந்த வசந்தத்தில் டெக்வென்னுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை. இரண்டு வியாழன் போயிற்று.

மூன்றாவது வியாழன், கொட்டும் மழையில், ஊன்றுகோலோடு ஏழே முக்காலுக்கு வந்து சேர்ந்தாள். அவள் குமிழ்களின் மேல் ஒரு நீளப் பேருந்து நின்றது. பக்கத்தில் குடையோடு எம்ரிஸ். முழங்கால் எப்படி இருக்கிறது என்று கரிசனமாகத்தான் கேட்டார். அதில்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எட்டரைக்கு வண்டியை எடுத்துடுவாங்க. அப்புறம் தாராளமா கடையைப் போட்டுக்கோ."

"மணி அடிச்சப்புறம் எங்க போடுறது, உன் தலையிலயா?"

வீட்டிலேயே சுட்டு எடுத்து வந்த கேக் டப்பாவை அணைத்துக்கொண்டு, இரும்புத் திருப்பியால் பேருந்துக் கதவைத் தட்டினாள். திறக்க வேண்டாமென்று எம்ரிஸ் கைகாட்டினார். ஓட்டுநர் வின் திறந்துவிட்டான். உள்ளே பர்மிங்காமிலிருந்து வந்த முப்பத்தெட்டு பேர் மழையைப் பார்த்தபடி இறங்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். டெக்வென் நடு வரிசையில் அமர்ந்து டப்பாவைத் திறந்தாள்.

மணி அடித்தது. சந்தைக் காவலர் இட்ரிஸ் வருகைப் பதிவேட்டோடு வந்தார், விஷயத்தைக் கேட்டார், டார்ச்சை எடுத்துக்கொண்டு குமிழ்களைத் தேடிப் பேருந்துக்கு அடியில் படுத்தார். கீழிருந்து குரல் வந்தது. "டெக்வென், இன்னும் ஒரு சீட்டு பின்னால போ."

போனாள். ஆள் உண்டு, சரக்கு உண்டு என்று இட்ரிஸ் எழுதினார். பேருந்து எப்படிக் கடையாகும் என்று எம்ரிஸ் வாதாடினார். கூரை எப்படி இருக்க வேண்டுமென்று விதியில் இல்லை என்றார் இட்ரிஸ், சட்டையிலிருந்து சேற்றை உதறியபடி.

எட்டரைக்கு வண்டியை எடுக்கச் சொன்னார்கள். பட்டியலில் பெயர் இல்லாதவரை ஏற்றிக்கொண்டு ஓட்டக் கூடாது என்று தன் கம்பெனி விதியை எடுத்து வீசினான் வின். கதவு மதியம் வரை திறந்தேதான் கிடந்தது. ஒருவரும் இறங்கவில்லை. ரயில் போயிற்று, ஏரியும் போயிற்று. டெக்வென் கோட்டையின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் சொன்ன வரலாற்றில் இங்கிலீஷ்காரர்கள் எல்லாப் போரிலும் தோற்றார்கள். கேட்டுக்கொண்டிருந்த இங்கிலீஷ்காரர்கள் இன்னும் இரண்டு கேக் கிடைக்குமா என்றார்கள்.

மதிய மணி அடித்ததும் இறங்கும்போது, எதற்குக் கதவைத் திறந்தாய் என்று வின்னைக் கேட்டாள்.

"பத்தொன்பது வருஷமா ஜனங்களை இந்தக் கோட்டைக்குக் கூட்டிட்டு வரேன். நான் உள்ள போனதே இல்ல. வண்டியை விட்டு நகரக் கூடாதாம். இடத்தை விட்டு நகர மாட்டேன்னு நீங்க நின்னதும் எனக்கு என்னவோ போல ஆயிடுச்சு."

"அடுத்த வியாழன் நீ போய்ப் பாரு. உன் வண்டியை நான் பார்த்துக்கறேன்."

கையேட்டின் அடுத்த பதிப்பு வந்துவிட்டது. அட்டையில் பெஞ்சும் இல்லை, தார்ப்பாயும் இல்லை. கோட்டையின் முதுகுப்புறம் இருக்கிறது. பேருந்துகளுக்கு மலையடியில் புது நிறுத்தம் போட்டாயிற்று. வின்னின் வண்டி எட்டரைக்கு வந்து பதினொன்றரைக்குக் கிளம்பிவிடுகிறது. டெக்வென்னோ மதிய மணி வரை குமிழ்களைத் தாண்ட முடியாது.

வியாழன்தோறும் கீழிருந்து அவன் கையசைக்கிறான். அவள் திருப்பியைத் தூக்கிக் காட்டுகிறாள். கோட்டைக்குள் எப்படி இருக்கும் என்று வின்னுக்கு இன்னும் தெரியாது.